கைக்கூலியை வெறுத்துக்கொண்டே கைநீட்டும் சமுதாயம்



மாலை நேர மக்தபில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு நிகாஹின் ஒழுங்குகளை எளிய முறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். மஹர் என்பது மணமகன் மணமகளுக்கு மனமுவந்து கொடுக்க வேண்டிய கடமை என்றும், அது அவளுக்கே உரிய சொத்து என்றும், அவளுடைய தந்தைக்குக்கூட அதில் பங்கில்லை என்றும் விளக்கி முடித்தேன். ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்.

“ஹஜ்ரத், மாப்பிள்ளைதான் கொடுக்கணும்னா, எங்க அக்கா நிகாஹுக்கு எங்க அத்தா எதுக்குக் கடையை வித்தாங்க?”

நான் சற்றுத் தடுமாறி, “அது ஊர் வழக்கம்மா” என்றேன். அவள் மறுகேள்வி கேட்கவில்லை. மறுநாள் நோட்டுகளைத் திருத்தும்போது அவளுடைய பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் “மஹர் – மார்க்கம்”. அதன் கீழே “கைக்கூலி – ஊர் வழக்கம்”. அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, இரண்டையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே மரியாதையோடு எழுதியிருந்தாள்.

அந்த நோட்டைத் திருத்த என் சிவப்புப் பேனா எழவில்லை. அவள் தவறாக எழுதவில்லை. நான் கற்பித்ததைத்தான் எழுதியிருந்தாள். ஒரு குழந்தைக்கு ஒரே பாடத்தில் இரண்டு மார்க்கங்களைக் கற்பித்திருந்தேன். ஒன்று அல்லாஹ்வுடையது, மற்றொன்று ஊருடையது.

மனிதனுடைய ஒழுக்கம் எவ்வாறு வளர்கிறது? தனிமனிதனின் மனச்சாட்சியாலா, சமூகம் பகிர்ந்துகொள்ளும் விழுமியங்களாலா? அறிஞர்கள் இதைப் பெரிய நூல்களில் விவாதிக்கிறார்கள். நமக்கோ இந்தக் கேள்வி அந்தச் சிறுமியின் நோட்டில் இருக்கிறது. கைக்கூலி தவறு என்று அறியாத ஒரு முஸ்லிமை இன்று நான் எங்கும் காணவில்லை. ஆயினும் அது நம்மை விட்டுப் போகவில்லை. அறிந்த பின்னும் ஏன் மாறவில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வழக்கு. அந்த வழக்கில் நானும் ஒரு குற்றவாளி என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மார்க்கம் முழுமையானது, நாம்?

“ஒழுக்கம் வளர்கிறது” என்று சொன்னாலே நம்மில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மார்க்கம் முழுமையடைந்துவிட்டது என்று இறைவன் அறிவித்துவிட்டானே (5:3), இனி வளர்வதற்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். மார்க்கம் முழுமையடைந்தது உண்மை. அதைச் சுமக்கும் மனிதர்கள் முழுமையடைந்துவிட்டதாக எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மகிழ்வோடு கொடுத்துவிடுமாறு கட்டளையிடும் வசனம் (4:4) இறங்கி ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வசனம் அங்கேயே நிற்கிறது. அதை நோக்கி நடக்க வேண்டியவர்கள் நாம். வளர வேண்டியது வேதமன்று, வேதத்தை ஓதுகிறவர்கள்.

மதுவின் தடை எவ்வாறு வந்தது என்பதைப் பாருங்கள். முதலில் அதில் பயனைவிடத் தீமையே பெரிது என்று உணர்த்தப்பட்டது (2:219). பின்னர் போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று கட்டளை வந்தது (4:43). இறுதியில் முழுமையான தடை இறங்கியது (5:90, 91). அப்போது மதீனாவின் வீதிகளில் மது வெள்ளமாக ஓடியதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு நமக்குச் சொல்கிறது. உள்ளங்கள் முதலில் தயாராக்கப்பட்டன. பிறகு ஊர் முழுவதும் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்து கொட்டியது. தன் வீட்டுப் பாத்திரத்தை மட்டும் ஒருவர் இரகசியமாகக் கவிழ்த்துவிட்டு அமைதியடையவில்லை. ஊரார் கொட்டட்டும், பிறகு நானும் கொட்டுகிறேன் என்று எவரும் காத்திருக்கவுமில்லை.

தனிமனித உள்ளமும் சமூகத்தின் கூட்டு முடிவும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் ஒழுக்கம் ஓர் அடி முன்னேறுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பிடித்துக்கொண்டதால் நாம் தேங்கி நிற்கிறோம்.

உறுத்தல் இருக்கிறது; வெட்கம் போய்விட்டது

பாவம் எது என்பதை அடையாளம் காண நபி (ஸல்) அவர்கள் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. உள்ளத்தை உறுத்துவதும், மக்கள் அறிந்துகொள்வதை நாம் விரும்பாததுமே பாவம் என்பது அதன் கருத்து. இதில் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் உள்ளே இருக்கும் உறுத்தல். மற்றவர் வெளியே இருக்கும் மக்களின் பார்வை. முதலாமவர் உறங்கினாலும் இரண்டாமவர் விழித்திருப்பார்.

கைக்கூலி இவர்களில் இரண்டாமவரை விலைக்கு வாங்கிவிட்டது. திருடியவன் திருட்டுப் பொருளை ஒளித்து வைக்கிறான். வட்டி வாங்குகிறவன்கூடத் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறான். கைக்கூலி வாங்குகிறவர் மட்டும் மறைப்பதில்லை. சீர்வரிசையை வண்டியில் ஏற்றித் தெருவழியே கொண்டுவருகிறார். கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி, வாகனம் என எல்லாவற்றையும் உறவினர் பார்க்கும்படிக் கூடத்தில் நிறுத்துகிறார். “எத்தனை பவுன்?” என்ற கேள்விக்குப் பெருமையோடு விடை சொல்கிறார். குறைவாக வாங்கியவர்தான் வெட்கப்படுகிறார். ஒன்றுமே வாங்காதவரைப் பார்த்து, “மாப்பிள்ளையிடம் ஏதாவது குறை இருக்குமோ?” என்று ஊர் சந்தேகப்படுகிறது.

தீய வழக்கத்தின் உண்மையான ஆற்றல் இதுதான். அது மனச்சாட்சியைக் கொல்வதில்லை. மக்களின் பார்வையை நன்மையின் காவலிலிருந்து தீமையின் காவலுக்கு மாற்றிவிடுகிறது. உள்ளம் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. மஹரை நிகாஹ் தஃப்தரில் எழுதும்போது முத்தவல்லிக்கும் உறுத்துகிறது. குத்பா ஓதும் இமாமுக்கும் உறுத்துகிறது. மணமகனின் தாய்க்கும் உறுத்துகிறது. தன்னுடைய நிகாஹின்போது தன் தந்தை பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் ஆன்மாவின் மீது இறைவன் சத்தியமிட்டிருக்கிறான் (75:2). அந்த ஆன்மா நம் ஒவ்வொருவரிடமும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் தனித்தனியாக, ஒவ்வொரு வீட்டின் கதவுக்குப் பின்னாலும் பழித்துக்கொண்டிருக்கிறது.

நம் கையில் இருக்கும் மூன்று சாக்குகள்

இந்த நிலைக்கு மருந்து கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கின்றன. மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் அவை நல்ல சாக்குகளாக இருக்கின்றன.

முதலாவது, “அவரவர் தக்வா அவரவருக்கு. ஒவ்வொருவரும் தம்மைத் திருத்திக்கொண்டால் சமுதாயம் தானாகத் திருந்தும்.” கேட்க அழகாக இருக்கிறது. இரண்டு பெண்மக்களைப் பெற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். அவர் தம்மை எவ்வளவு திருத்திக்கொண்டாலும் என்ன பயன்? அவர் தக்வாவோடு “நான் கைக்கூலி கொடுக்க மாட்டேன்” என்று உறுதிகொண்டால் அவருடைய மகள் முப்பது வயதிலும் வீட்டில் இருப்பாள். அவருடைய தனிமனித ஒழுக்கத்திற்கான விலையை மகள் கொடுப்பாள். தனியாக நல்லவராக இருப்பதற்கே தண்டனை விதிக்கும் ஊரில், “நீ மட்டும் நல்லவனாக இரு” என்பது உபதேசமன்று, கைகழுவுதல். ஒரு சமூகம் தன்னுள் இருப்பதை மாற்றிக்கொள்ளாத வரை அதன் நிலையை அல்லாஹ் மாற்றுவதில்லை என்ற கருத்துள்ள வசனத்தை (13:11) நாம் தனிமனித உபதேசமாகவே ஓதிப் பழகிவிட்டோம். அந்த வசனத்தில் ‘கவ்ம்’ என்ற சொல்லும் இருக்கிறது, ‘அன்ஃபுஸ்’ என்ற சொல்லும் இருக்கிறது. சமூகமும் உள்ளங்களும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்தது நாம்தான்.

இரண்டாவது, “கடுமையான சட்டம் வேண்டும்.” சட்டம் இல்லாமலா இருக்கிறது? இந்தியாவில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம் என்கிறது அது. முஸ்லிம்களின் மஹர் வரதட்சணையில் சேராது என்று அச்சட்டமே தெளிவுபடுத்தியும் இருக்கிறது. நாட்டின் சட்டத்துக்கே மஹருக்கும் கைக்கூலிக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் வேறு வழியைக் கையாண்டார்கள். அங்கே 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தில் ‘கைக்கூலி’ என்ற நம் சொல்லே இடம்பெற்றிருக்கிறது. மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்பட்டது என்று அதை வரையறுத்து, காழியிடம் முறையிட்டுத் திரும்பப் பெறும் உரிமையை மனைவிக்கு வைத்தார்கள். ஒரு நாடு தடுத்துப் பார்த்தது. இன்னொரு நாடு ஒழுங்குபடுத்திப் பார்த்தது. இரண்டு கரைகளிலும் கைக்கூலி உயிரோடு இருக்கிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் சாட்சிகளும் சேர்ந்து மறைக்கும் ஒன்றை எந்தக் காவல் நிலையம் கண்டுபிடிக்கும்? சட்டம் தேவை. ஆனால் ஊரின் மனம் சாட்சி சொல்ல முன்வராத வரை அது காகிதத்திலேயே இருக்கும்.

மூன்றாவது, “காலம் மாறும். பிள்ளைகள் படிக்கிறார்கள், தானாகப் போய்விடும்.” மனித குலம் ஆற்றுநீர் போலத் தானே முன்னோக்கி ஓடும் என்ற நம்பிக்கை இது. நடந்தது என்ன? படிப்பு கைக்கூலியை ஒழிக்கவில்லை. அதற்கு விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்தது. பட்டதாரிக்கு ஒரு விலை, பொறியாளருக்கு ஒரு விலை, வளைகுடாவில் வேலை என்றால் வேறு விலை, மருத்துவர் என்றால் கேட்கவே வேண்டாம். “படிக்க வைத்த செலவு” என்று கணக்கும் சொல்கிறார்கள். மகளைப் படிக்க வைத்த தந்தைக்கு அந்தச் செலவை யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? அறிவு வளர்வது வேறு, ஒழுக்கம் வளர்வது வேறு. ஒழுக்கம் காலத்தால் வளர்வதில்லை. யாரோ சிலர் விலை கொடுத்து வளர்க்கிறார்கள்.

ஊர் ஊராக நடந்த ஓர் இமாம்

தனிமனிதனாலும் முடியாது, சட்டத்தாலும் முடியாது, காலத்தாலும் முடியாது என்றால் வழக்கங்கள் எவ்வாறுதான் ஒழிகின்றன? ஒழிந்த வழக்கங்களைப் பார்த்தால்தான் தெரியும். கைக்கூலியைப் போலவே திருமணத்தோடு பிணைந்திருந்த இரண்டு வழக்கங்களைச் சொல்கிறேன்.

சீனாவில் பெண் குழந்தைகளின் பாதங்களை இறுகக் கட்டி, எலும்புகளை ஒடித்துச் சிறிதாக்கும் கொடுமை பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. பாதம் கட்டாத பெண்ணை நல்ல குடும்பத்தில் எடுக்கமாட்டார்கள் என்ற அச்சமே அதற்கு அடிப்படை. பெற்ற தாயே அழுதுகொண்டு மகளின் பாதத்தைக் கட்டினாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சங்கங்கள் தோன்றின. அவற்றில் சேர்ந்த குடும்பங்கள் இரண்டு உறுதிமொழிகளைச் செய்தன. எங்கள் மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம் என்பது ஒன்று. பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கமாட்டோம் என்பது மற்றொன்று. அந்த இரண்டாவது உறுதிமொழிதான் அச்சத்தின் வேரை அறுத்தது. பாதம் கட்டாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு தயாராக இருந்தது. பல நூற்றாண்டுகளின் வழக்கம் சில தலைமுறைகளிலேயே சரிந்தது.

இரண்டாவது நிகழ்வு நம் உம்மத்தைச் சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் சில சமூகங்களிடையே, பெண் குழந்தைகளின் உறுப்பைக் கத்தியால் சிதைக்கும் வழக்கம் இருந்தது. அதை மார்க்கக் கடமை என்றே பலர் நம்பினார்கள். ‘டோஸ்டான்’ என்ற அமைப்பு நடத்திய வகுப்புகளில் உடல்நலத்தையும் உரிமைகளையும் பற்றிக் கற்ற மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், 1997 ஜூலையில் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக வெளிப்படையாக அறிவித்தார்கள். சுற்றியிருந்த ஊர்களில் அவர்களுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

அப்போதுதான் கேர் சிம்பாரா என்ற ஊரின் இமாமான முதியவர் டெம்பா டியவாரா ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஒரு கிராமம் தனியாக விட்டுவிட முடியாது. நம் பெண்களை எடுக்கும் ஊர்களும், நாம் பெண் எடுக்கும் ஊர்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. உறவுமுறை உள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தே சென்றார். எவரையும் தூற்றவில்லை, அமர்ந்து பேசினார், கேட்டார், கலந்துரையாடச் செய்தார். 1998 பிப்ரவரியில் டியாபுகு என்ற இடத்தில் 13 கிராமங்கள் கூடி, அவ்வழக்கத்தை விட்டுவிட்டதாகக் கூட்டாக அறிவித்தன. செனகல் அரசின் தடைச் சட்டம் அதற்குப் பிறகு, 1999 ஜனவரியில்தான் வந்தது. தொடர்ந்து ஆயிரக்கணக்கான ஊர்கள் அதே முறையில் அறிவித்தன. அறிவிப்போடு எல்லா வீடுகளும் மாறிவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதுவரை விட்டவருக்கு இருந்த வெட்கம் இடம் மாறியது. இப்போது செய்கிறவர் மறைத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

அந்த மலிகுண்டா பெண்களின் மனச்சாட்சி இல்லையென்றால் எதுவும் தொடங்கியிருக்காது. அந்த இமாமின் நடை இல்லையென்றால் அது ஒரு கிராமத்தோடு நின்று, அவமானத்தில் முடிந்திருக்கும். தனிமனித உள்ளம் விதை, கூட்டு உறுதி நிலம்.

நான் கேட்கிறேன்: செனகலின் ஓர் இமாமுக்குத் தெரிந்த இந்த உண்மை, ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாவில் தலைப்பாகை அணியும் நமக்குத் தெரியாதா? கைக்கூலி மேடைப்பேச்சால் ஒழியாது என்பதும், பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் ஒன்றுகூடினால்தான் ஒழியும் என்பதும் நமக்குப் புரியாதா? புரியும். நடக்க வேண்டுமே என்பதுதான் தயக்கம்.

அண்ணலார் அமர்ந்த மஜ்லிஸ்

இந்த வழி நமக்குப் புதியதுமன்று. நபித்துவத்துக்கு முன்பு மக்காவில் யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு, குறைஷித் தலைவர் ஒருவர் விலையைக் கொடுக்க மறுத்தார். அந்த வணிகர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று முறையிட்டார். மக்காவாசிகளில் பலருக்கும் அது அநியாயம் என்று தெரியும். குலப்பெருமைக்கு அஞ்சித் தனித்தனியே வாய்மூடி இருந்தார்கள். பிறகு சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் ஒன்றாக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராக இருந்த முஹம்மத் (ஸல்) அவர்கள் அதில் பங்கேற்றார்கள். நபித்துவத்திற்குப் பிறகும், அத்தகைய உடன்படிக்கைக்கு இன்று அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள்.

சிந்தியுங்கள். அந்த மஜ்லிஸில் இருந்தவர்கள் ஈமான் கொண்டவர்கள் அல்லர். ஃபித்ரா என்னும் இயல்பான நல்லுணர்வு மட்டுமே அவர்களிடம் இருந்தது. அந்த உணர்வை ஒன்றுசேர்த்ததால் ஓர் அநீதியைத் தடுத்தார்கள். நம்மிடம் ஈமான் இருக்கிறது, வேதம் இருக்கிறது, ஐவேளையும் ஒன்றுகூடும் பள்ளிவாசல் இருக்கிறது. ஊரிலுள்ள ஒவ்வொரு நிகாஹும் நம் தஃப்தரைக் கடந்துதான் செல்கிறது. இத்தனையும் இருந்து நம்மால் ஓர் உடன்படிக்கை செய்ய முடியவில்லை.

தீமையைக் கையால் தடுக்க வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும். அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்ற ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் கடைசிப் படி தவறி விழாமல் பிடித்துக்கொள்வதற்காகத் தரப்பட்டது. நாம் அதில் வீடு கட்டிக் குடியேறிவிட்டோம்.

“அவர்களாகக் கொடுத்தார்கள்”

இனி என் வழக்கு. எனக்கு நிகாஹ் ஆனபோது வயது இருபத்தாறு. மார்க்கக் கல்வியில் பட்டயம் பெற்றுப் பணியில் சேர்ந்திருந்தேன். கைக்கூலிக்கு எதிராக ஜும்ஆ மேடையில் பேசியும் இருக்கிறேன். என் வீட்டார் எதுவும் கேட்கவில்லை. பெண் வீட்டார் இருபது பவுனும் வீட்டுச் சாமான்களும் கொடுத்தார்கள். “நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்” என்று நான் பலரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு என் மாமனார் மவ்த்தானார். கடன்களைத் தீர்க்க அவருடைய பழைய டைரியை மைத்துனர் என்னிடம் தந்தார். அந்த இருபது பவுனுக்காக வாங்கிய கடனின் தவணைகள் மாதவாரியாக அதில் எழுதப்பட்டிருந்தன. அவர் மவ்த்தான மாதத்திலும் ஒரு தவணை பாக்கி இருந்தது. நாங்கள் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஊர் கேட்டது. ஊரின் வாயால் கேட்டு, என் கையால் வாங்கினேன். மனமொப்பிக் கொடுக்காத பொருள் ஹலாலாகாது என்று மக்தபில் நடத்தியவன் நான். அச்சத்தால் வரும் சம்மதம் மனமொப்புதல் ஆகுமா?

அந்தப் பாக்கித் தவணையை நான் அடைத்தேன். நகையை என் மனைவியின் தனிச் சொத்தாக எழுத்தில் ஒப்படைத்தேன். மாமனார் ஏழு ஆண்டுகள் சுமந்ததை எதைக் கொண்டும் ஈடுசெய்ய முடியவில்லை.

சிலர் உடனே ஃபாத்திமா (ரலி) அவர்களின் நிகாஹைக் காட்டுகிறார்கள். நபி (ஸல்) அவர்களே மகளுக்குப் பொருட்கள் கொடுத்தார்களே என்கிறார்கள். அறிவிப்புகளில் வருபவை ஒரு விரிப்பு, நார் திணித்த தோல் தலையணை, தண்ணீர் வைக்கும் தோல்பை போன்றவை. அதே நிகாஹில் மஹர் கொடுக்க வேறொன்றும் இல்லாத அலீ (ரலி) தம் போர்க்கவசத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலையணையை நினைவில் வைத்துக்கொண்டு கவசத்தை மறப்பது எந்த வகை சுன்னத்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துக் குடும்பங்கள் போதும். அவை பள்ளிவாசலில், ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோருக்கும் முன்னால் இரண்டு உறுதிமொழிகளைச் செய்யட்டும். என் மகனுக்குப் பணமோ நகையோ பொருளோ எந்தப் பெயரிலும் வாங்கமாட்டேன் என்பது ஒன்று. என் மகளை அப்படி வாங்குகிற வீட்டுக்குக் கொடுக்கமாட்டேன் என்பது மற்றொன்று. ஆண்பிள்ளை பெற்றவர்கள் முதலில் வரட்டும். விலை கேட்கும் வலிமை அவர்களிடம்தான் இருக்கிறது. ஆகவே விட்டுக்கொடுக்கும் கடமையும் அவர்களுடையது. தாய்மார்களைக் கூட்டத்திற்கு வெளியே நிறுத்தாதீர்கள். நம் வீடுகளில் சம்பந்தம் பேசுகிறவர்கள் அவர்கள்தான். நம்பிக்கையாளர்களான ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் உதவியாளர்களாக நன்மையை ஏவுவார்கள் (9:71) என்பது இரு சாராரையும் சேர்த்தே சொல்லப்பட்டது.

அந்த உறுதிமொழிகள் ஜமாஅத் பதிவேட்டில் எழுதப்படட்டும். பெண் கொடுத்து எடுக்கும் பக்கத்து ஊர்களின் ஜமாஅத்துகளுக்கு நம் இமாம்களும் முத்தவல்லிகளும் நேரில் செல்லட்டும். நிகாஹ் மஜ்லிஸில் மஹரை வாசிப்பது போல, மணமகன் வீட்டார் பெற்ற ஒவ்வொன்றையும் எல்லோரும் கேட்க வாசிக்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் அதுவும் வாசிக்கப்படட்டும். இவ்வாறு நம்முடைய இரண்டாவது காவலரை மீட்டெடுக்கலாம். வாங்குகிறவர் வெட்கப்படவும் வாங்காதவர் தலைநிமிரவும் ஊர் மீண்டும் கற்றுக்கொள்ளும்.

கடந்த சில பத்தாண்டுகளில் பல ஊர்களில் இளைஞர்கள் மஹர் கொடுத்து, எதையும் வாங்காமல் எளிமையாக நிகாஹ் செய்திருக்கிறார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அவர்களைப் பாராட்டிவிட்டு மறுநாள் பழைய கணக்கையே பேசுகிற நாம்தான் அவர்களைத் தனிமரங்களாக நிறுத்திவிட்டோம்.

எனக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு உறுதிமொழிகளையும் நானும் என் மனைவியும் எழுதிக் கையொப்பமிட்டு எங்கள் ஜமாஅத்தில் கொடுத்துவிட்டோம். இதுவரை எங்களோடு சேர்த்து நான்கு குடும்பங்கள் வந்திருக்கின்றன. பத்துக்கு இன்னும் ஆறு வேண்டும்.

அந்தச் சிறுமியை மறுவாரம் அழைத்தேன். “அன்றைக்கு ஹஜ்ரத் சொன்ன பதில் தவறு. உன் அத்தாவிடம் வாங்கியது அநியாயம்” என்றேன். இரண்டாவது வரியை அவளையே திருத்தச் சொன்னேன். அவள் ‘ஊர் வழக்கம்’ என்பதை அடித்துவிட்டு ‘அநியாயம்’ என்று எழுதினாள். பிறகு, “அப்ப அந்தக் கடை திரும்ப வருமா ஹஜ்ரத்?” என்று கேட்டாள்.

வராது. அடுத்த கடையாவது விற்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் நீ வைத்த உறுத்தலை அணைத்துவிடாதே. நன்மையில் ஒன்றுகூடும் துணிவை எங்களுக்குத் தா. எங்கள் பெண்மக்களின் தந்தையரை எங்கள் கைகளிலிருந்து காப்பாற்று. ஆமீன்.

வஸ்ஸலாம்.